கொழும்புப் பயணம்: வீடியோ விளையாட்டுக்கூடம் வருகிறவர்கள் கவனத்துக்கு

குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை அதிகாலை 4.30க்குத் திருகோணமலை பஸ் நிலையத்தின் முன்னால் வேன் நிற்கும். 5 மணிவரை காத்திராது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியே கொழும்பு. கந்தளாய்த் தயிர் திரும்பும்போதுதான், போகும்போது கேட்காதீர்கள்.

வீடியோ விளையாட்டுக்கூடங்கள் பலவற்றில் இப்போது நாணயம் செல்லாது. கவுண்டரில் அட்டை வாங்கிப் பணம் ஏற்ற வேண்டும். மீதியைத் திருப்பித் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். சிறிது சிறிதாக ஏற்றுவதே புத்தி. பொம்மை தூக்கும் இயந்திரங்கள் பலவற்றில் பிடியின் இறுக்கத்தை நடத்துபவரே கூட்டிக் குறைக்கலாம். அதில் பணத்தைக் கொட்டிவிட்டு என்னிடம் கடன் கேட்க வேண்டாம்!

பழைய பேக்-மேன் வீடியோ விளையாட்டு இயந்திரம் கண்ணில் பட்டால் எனக்கு ஒரு குரல் கொடுங்கள். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்டது. 256ஆம் கட்டத்தில் கட்டங்களை எண்ணும் நிரலின் எண்ணிக்கை அதன் எல்லையைத் தாண்டி, திரையின் வலப்பாதி வெறும் எழுத்துக் குப்பையாகிவிடும். அதுவரை போகிற கை நம்மில் எவருக்கும் இல்லை, இருந்தாலும் ஆசைதான்.

ஞாயிறு காலை 10 மணிக்குத் திரும்புகிறோம். பொழுது சாய்ந்தால் ஹபரணை வீதியில் யானைகள் இறங்கிவிடும். வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே பெயரைப் பதியுங்கள்.