ஜென்சன் எஃப்எஃப்: ஒரு திருத்தம், கொஞ்சம் வருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஜென்சன் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் பழைய இன்டர்செப்டர் கார் ஒன்றைப் புதுப்பித்தது பற்றி நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். வழவழப்பான தாள், பெரிய பெரிய படங்கள், குறையில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது: "நான்கு சக்கர இயக்கம், ஏபிஎஸ் பிரேக் போன்றவையெல்லாம் எண்பதுகளில் ஜெர்மனி தந்த கொடை; அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களிடம் அழகை மட்டும் எதிர்பார்த்தால் போதும்."

வேறு எந்தக் காரைப் பற்றிய கட்டுரையில் இது வந்திருந்தாலும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். ஜென்சனைப் பற்றி எழுதும்போதே இப்படி எழுத ஒருவருக்குக் கை வந்ததே, அதுதான் ஆறவில்லை.

தங்களுக்குத் தெரியாததில்லை. 1966 லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கார் கண்காட்சியில் இன்டர்செப்டரோடு கூடவே அறிமுகமானது ஜென்சன் எஃப்எஃப். ஃபெர்குசன் ஃபார்முலா என்ற நான்கு சக்கர இயக்க முறையின் சுருக்கம் அது. ஆமாம், டிராக்டருக்குப் பேர்போன ஹாரி ஃபெர்குசனேதான். அவர் 1960இல் காலமானார். கவென்ட்ரியில் அவர் தொடங்கிவைத்த ஆய்வு நிற்கவில்லை. 1961இல் அவருடைய குழுவினர் கட்டிய பி99 என்ற நான்கு சக்கர இயக்கப் பந்தயக் காரை ஓட்டி, ஓல்டன் பார்க்கில் கோல்ட் கப்பை வென்றார் ஸ்டர்லிங் மாஸ். அந்த நுட்பத்தோடு, விமானச் சக்கரங்களுக்காக டன்லப் உருவாக்கியிருந்த, சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் மேக்சரெட் பிரேக்கையும் (அதுவும் ஏபிஎஸ்தான்) சேர்த்து, கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய சாலைக் காராக முதன்முதலில் விற்றது வெஸ்ட் பிராம்விச்சில் இருந்த ஜென்சன்தான். பாஷின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸில் வந்தது 1978இல். ஆடி குவாட்ரோ ஜெனீவாவில் தலைகாட்டியது 1980இல். ஜெர்மன்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் பிறகு நன்றாகவே செய்தார்கள். முதலில் செய்தவனுக்கு ஒரு வரியாவது வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வரிக்குப் பக்கத்திலேயே மூலையில் ஒரு சின்னப் படம் போட்டு 'இன்டர்செப்டரின் இன்னொரு கோணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது எஃப்எஃப்! முன்சக்கரத்துக்குப் பின்னால் காற்றுப் போக இரண்டு திறப்புகள் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். இன்டர்செப்டருக்கு ஒன்றுதான். முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே நான்கு அங்குலம் கூடுதலாக இருப்பது கண்ணுக்கே தெரியும். மொத்தமே 320 கார்கள்தான் கட்டினார்கள். அதில் ஒன்றின் படத்தை அச்சடித்துவிட்டு, அப்படி ஒரு கார் உலகத்தில் இல்லாதது போல எழுதுவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

'ஒவ்வொரு வளைவிலும் ஆங்கிலேய ரசனை' என்று வேறு போட்டிருந்தீர்கள். அந்த வளைவுகளை வரைந்தது மிலானில் இருந்த டூரிங் நிறுவனம். முதலில் வந்த கார்களுக்கு பாடி கட்டியது டூரினில் இருந்த வின்யாலே நிறுவனம். அதன்பிறகுதான் அச்சுகள் வெஸ்ட் பிராம்விச்சுக்கு வந்தன. எஞ்சின் அமெரிக்காவின் கிரைஸ்லர் வி8. ஆக, இத்தாலியில் பிறந்ததை இங்கிலாந்துக்குக் கொடுத்தீர்கள், இங்கிலாந்தில் பிறந்ததை ஜெர்மனிக்குக் கொடுத்தீர்கள். அமெரிக்காவுக்கு மட்டும் ஏனோ எதுவும் கொடுக்கவில்லை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். வெஸ்ட் பிராம்விச்சைச் சுற்றியுள்ள பிளாக் கன்ட்ரி பக்கம் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில்தான் டிங்கரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இன்டர்செப்டருக்குத் துரு என்பது கூடப்பிறந்த வியாதி. கதவுக்குக் கீழே ஓடும் சில் தகட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை உள்ளே போகும். முன்பு யாரோ பட்டி வைத்துப் பூசி மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள்; சுரண்டினால் உள்ளே பழைய செய்தித்தாள் சுருண்டு கிடக்கும். அதையெல்லாம் வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டு வைத்து, இணைப்புகளில் ஈயத்தை உருக்கி, கொழுப்புத் தடவிய மரக்கட்டையால் இழைத்துச் சமன் செய்ய வேண்டும். உங்கள் நான்கு பக்கத்தில் காரின் சொந்தக்காரர் பெயர் ஆறு இடத்தில் வருகிறது, ஏலத்தில் என்ன விலை போகும் என்பது ஒரு பெட்டிச் செய்தியாக வருகிறது, இருக்கைத் தோலின் நிறத்துக்கு ஒரு பத்தியே வருகிறது. வெல்டிங் அடித்தவன் எங்கே? 'பாரம்பரியம்' என்று தலைப்பில் போட்டால் போதுமா?

எஃப்எஃப் ஒன்றும் அங்கே வந்திருந்தது. மழை நாளில் பட்டறைக்குப் பின்னாலுள்ள ரோட்டில் அதை ஓட்டிப் பார்த்தேன். ஈரத் தரையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் டக் டக் டக்கென்று பெடல் காலைத் திருப்பி உதைக்கிறது. சொகுசாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார் வழுக்கவில்லை, கோடு போட்ட மாதிரி நின்றது. கணினி இல்லை, சென்சார் இல்லை, எல்லாம் இரும்புதான். நான்கு சக்கரங்களும் நடு டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி வழியாகப் பிணைந்திருப்பதால் ஒரே ஒரு மேக்சரெட் போதுமாக இருந்தது. இதை 'அழகு மட்டும்' கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

'காலத்தோடு ஓட முடியாமல் நின்றுபோன நிறுவனம்' என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். 1973 எண்ணெய் நெருக்கடியில் பெரிய வி8 கார்களை யார் வாங்கினார்கள்? 1976இல் ஆலை மூடியது, சரி. ஆனால் எஃப்எஃப் விலை போகாததற்குக் காரணமே வேறு. நான்கு சக்கர இயக்கத்தின் உறுப்புகள் இடப்பக்க இடத்தை அடைத்துக்கொண்டதால், ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் மாற்ற வழியில்லாமல் போயிற்று. இடப்பக்க ஸ்டியரிங் கேட்கும் அமெரிக்கச் சந்தை அதோடு போச்சு.

இது முதல் தடவையும் அல்ல. வால்வோ பி1800 காரைப் பற்றி 'ஸ்வீடனின் நேர்த்தி' என்று எழுதியபோதே, ஆரம்ப கால கார்களைக் கோத்தது இதே ஜென்சன் ஆலைதான் என்று கடிதம் போட்டேன். வேலையின் தரம் சரியில்லை என்று சொல்லி 1963இல் வால்வோ அதைத் தன் ஊருக்கு எடுத்துப்போனதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். ஆஸ்டின் ஹீலியின் பாடிகளும் இங்கேதான் தயாராயின என்று சேர்த்திருந்தேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை. அதற்குப் பதில் ஆஸ்டன் மார்ட்டினும் ஜேம்ஸ் பாண்டும் மறுபடி வந்தார்கள். வருடா வருடம் வருகிறார்கள். பண்டிகை மலரிலும் வருகிறார்கள். இங்கிலாந்தில் வேறு காரே ஓடவில்லை போலிருக்கிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். மூலைப் படத்தில் இருப்பது எஃப்எஃப் என்பது ஒன்று, அதன் ஆண்டு 1966 என்பது இன்னொன்று. இடம் போதவில்லையென்றால் ராசிபலனில் என் ராசியை எடுத்துவிடலாம், விருச்சிகம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் சந்தாதாரர்,
ஸ்மெதிக், இங்கிலாந்து