ஷீட்டை ஒட்டும் முன் ஓட்டையைத் தேடு

அன்புள்ள மாலதி,

இத்தனை நாள் பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். கலாவும் அவளுடைய சித்தாந்தமும் அப்படியே இருக்கிறார்கள். மற்ற கதையெல்லாம் பிறகு. காருக்குள் கேட்கும் சத்தத்தைக் குறைக்க என்று டேம்பிங் ஷீட், அதாவது தகட்டில் ஒட்டுகிற அதிர்வுத் தடுப்புத் தாள், வாங்கிப் பெட்டிகளை அடுக்கி வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாயே, அதைப் பார்த்த பிறகும் சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. தயவுசெய்து ஒரு பெட்டியையும் பிரிக்காதே.

உன் புகார் என்ன? வண்டியின் வேகம் நூறைத் தொட்டால் காதோரம் உஸ்ஸென்று இரைகிறது, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை என்பதுதானே. அந்த உஸ்ஸுக்கும் இந்த ஷீட்டுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. ஷீட்டுக்குத் தெரிந்தது ஒரே வேலை: தகடு அதிர்ந்தால், தகட்டுக்கும் மேலே இருக்கும் அலுமினியத் தாளுக்கும் நடுவில் பியூட்டைல் ரப்பர் இழுபட்டு அந்த அதிர்வைச் சூடாக்கித் தின்றுவிடும். உஸ்ஸென்ற காற்று தகட்டை நம்பி வருவதில்லை. பீடிங், அதாவது கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை, விடுகிற இடுக்கு வழியாகவும் கண்ணாடி வழியாகவும் வருகிறது. ஒரு கணக்கு சொல்கிறேன், மறக்காதே: எவ்வளவு கனமான சுவராக இருந்தாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் 20 டெசிபலுக்கு மேல் அதனால் தடுக்க முடியாது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 30. கதவில் ஷீட்டாக ஒட்டித் தள்ளிவிட்டு, மேல் மூலையில் பீடிங் இடுக்கை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று நீயே பார்த்துக்கொள்.

முதலில் எந்தச் சத்தம் என்று பிரி. காற்றுச் சத்தம் வேகத்தோடு கண்டபடி ஏறும். அதன் ஆற்றல் ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் அடுக்கில் கூடுகிறது. 80-லிருந்து 120-க்குப் போனால் சுமார் 10 டெசிபல், காதுக்கு இரண்டு மடங்கு. டயர்ச் சத்தம் அவ்வளவு அவசரப்படாது, ஆனால் 40, 50-லேயே தொடங்கிவிடும். சாலை மாறினால் அதுவும் மாறும். சொரசொரப்பான சாலையிலிருந்து வழவழப்பான தார்ச்சாலையில் ஏறியதும் சட்டென்று அடங்கினால் டயர்தான். சாலை மாறியும் மாறாமல், பக்கக்காற்று அடிக்கும்போது மட்டும் கூடினால் காற்று. எஞ்சினைக் கணக்கிலிருந்து கழிக்க, ஆளில்லாத நேர்ச்சாலையில் சில நொடி நியூட்ரலில் விட்டுப் பார். எஞ்சினை அணைத்துவிடாதே, பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கிற உதவி போய்விடும்.

இங்கே கொஞ்சம் சீரியஸாக ஒன்று. சாலை எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி ‘ஊ’ என்று ஒரு முனகல் இருந்து, ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் வளைக்கும்போது அது கூடிக் குறைந்தால், வீல் பேரிங்கை, அதாவது சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பாகத்தை, பார்க்கச் சொல். இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். அப்போது கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். அதன்மேல் ஷீட்டும் ஃபோமும் போட்டு அமுக்கினால் சத்தம்தான் குறையும், பேரிங் தேய்வது நிற்காது. சக்கரம் ஆட்டம் காணும் வரை உனக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஒலித்தடுப்பு வேலையில் கைவைக்கும் முன் பேரிங்கைச் சோதித்துவிடு. இதில் உன் அண்ணனின் ‘ரேடியோவைக் கூட்டு’ வைத்தியம் வேண்டாம்.

சரி, காற்று என்று முடிவானால் மாஸ்கிங் டேப் சோதனை. பெயிண்டை உரிக்காத, கையால் கிழிகிற டேப்பாக இருக்கட்டும். முன்கண்ணாடியின் பக்கவாட்டு, மேல் விளிம்பு, முன்தூணுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு, பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி கதவோடு சேருகிற முக்கோணம், கதவின் சுற்று இடுக்கு முழுவதும் என்று எல்லாவற்றையும் வெளியிலிருந்து ஒட்டி மூடு. விளக்கு, சென்சார், வைப்பர் பக்கம் போகாதே. உள்ளிருந்து கதவைத் தள்ளினால் டேப் கிழிந்து திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்பு. அதே சாலை, அதே திசை, அதே வேகம், ஏசி விசிறி அணைந்திருக்க வேண்டும். சத்தம் போய்விட்டால், ஒவ்வொரு டேப்பாக உரித்துக்கொண்டே ஓட்டிப் பார். எதை உரித்ததும் திரும்பி வருகிறதோ, அங்கேதான் வேலை. எல்லாவற்றையும் மூடியும் குறையவில்லை என்றால் கண்ணாடி வழியாக வருகிறது, அல்லது கூரைமேல் ஏதோ நிற்கிறது.

கூரையில் அந்தக் குறுக்குக் கம்பிகள் இன்னும் இருக்கின்றனவா? போன வருஷப் படத்தில் இருந்தன. உருண்டைக் கம்பியின் பின்னால் காற்று மாறி மாறிச் சுழித்துக் கழலும், 20 மி.மீ. கம்பியில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் 280 ஹெர்ட்ஸ் ஊளை. 3 மி.மீ. ஆண்டெனாவில் அதே வேகத்துக்கு 1,800-ஐ ஒட்டி வரும், அது விசில். ஆண்டெனாக் கம்பியில் திருகு மாதிரி ஒரு சுற்று ஓடுவதைப் பார்த்திருப்பாயே, அழகுக்கு இல்லை. கம்பி நெடுக ஒரே தாளத்தில் சுழி கழலாமல் குலைக்கத்தான். கம்பியைக் கழற்ற முடியாவிட்டால் ஒரு கயிற்றைத் திருகாகச் சுற்றிக் கட்டினாலே ஊளை நின்றுவிடும். கண்ணாடிக்கு மேலே ஒட்டுகிற மழை வைசரும் இதே கோஷ்டி. உன் காரில் இருந்தால், மற்றதையெல்லாம் ஆரம்பிக்கும் முன் அதைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்.

பீடிங்குக்கு வருகிறேன். என் கவலையெல்லாம் இங்கேதான். நீளமான காகிதத் துண்டை பீடிங்மேல் வைத்துக் கதவை மூடி இழு. பீடிங் அதை இறுகப் பிடிக்க வேண்டும்; வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் போதவில்லை. ஒரு சாண் இடைவெளியில் சுற்றி வந்துவிடு. பிறகு பீடிங்கில் சாக்பீஸ் தேய்த்து, கதவை மூடித் திற. எதிரே இருக்கும் பெயிண்டில் வெள்ளைக்கோடு தொடர்ச்சியாக விழ வேண்டும். எங்கே கோடு அறுந்திருக்கிறதோ அங்கே இடுக்கு. இன்னும் சந்தேகம் இருந்தால், வண்டியை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று வருகிற நிலையில் விசிறியை முழு வேகத்தில் விட்டு, வெளியே இடுக்குகளில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவு. நுரை கிளம்புகிற இடம் கசிவு.

இவ்வளவும் தேறிவிட்டது, ஆனால் 110-ல் மட்டும் இரைகிறது என்று நீ திரும்ப எழுதுவாய். அதற்கும் காரணம் உண்டு. வேகத்தில் முன்தூணைத் தாண்டும் காற்று, கதவுக்கு வெளியே அழுத்தத்தைக் குறைக்கிறது. கண்ணாடிச் சட்டத்தின் மேல் பகுதி வெளிப்பக்கம் இழுபடுகிறது. நிறுத்திய வண்டியில் பீடிங் மயிரிழையில் தொட்டுக்கொண்டிருந்தால், ஓடும்போது அந்தத் தொடுகையும் விட்டுப்போகும். அதனால் காகிதம் ‘ஏதோ பிடிக்கிறது’ என்றால் போதாது. மேல், முன் மூலையில் நன்றாகவே இறுகப் பிடிக்க வேண்டும்.

சுற்றிலும் ஒரே மாதிரி தளர்ந்திருந்தால், லாக் மாட்டுகிற கொக்கியை, அதாவது ஸ்ட்ரைக்கரை, உள்பக்கம் நகர்த்து. தொடும் முன் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர், அவ்வளவுதான். நகர்த்தி, மூடி, காகிதம் வைத்துப் பார். அளவு மீறினால் கதவு முதல் கிளிக்கோடு நின்று, முழுதாகப் பூட்டாது. அதில் யாரும் பயணம் செய்யக் கூடாது.

ஒரே இடத்தில் மட்டும் தளர்வு என்றால் கூடுதலாக ஒரு பீடிங். பிளாஸ்டிசினை, பிள்ளைகள் பொம்மை செய்கிற அந்தக் களிமண்ணை, உருட்டி மெல்லிய பாலித்தீன் தாளில் சுற்றி, இடுக்கில் வைத்துக் கதவை மூடித் திறந்து, நசுங்கிய கனத்தை அள. அதைவிட 2 முதல் 3 மி.மீ. உயரம் கூடுதலான, உள்ளே பொந்துள்ள ஈபிடிஎம் ரப்பர் ‘டி’ வடிவப் பட்டையை எடு. கனமாக இருந்தால் நல்லது என்று நினைத்து அள்ளிப்போட்டால் கதவை அறைந்துதான் மூட வேண்டிவரும். ஒட்டும் பரப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடை. ஒட்டும்போது பட்டையை இழுக்காதே. இழுத்து ஒட்டினால் பின்னாடி சுருங்கி முனைகளில் வாய் பிளக்கும். மூலைகளில் வெட்டாமல் வளைத்துக்கொண்டு போ, இணைப்பைக் கீழ்ப்பக்கம் வை, ஒரு நாள் விட்டு மழையோ தண்ணீரோ படட்டும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துவாரங்கள் இருக்கும், அவற்றை மூடிவிட்டால் உள்ளேயே துரு பிடிக்கும். பழைய பீடிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசு. பெட்ரோலியம் ஜெல்லி, சாதா கிரீஸ் இரண்டும் அந்த ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

இன்னொரு ஓட்டையை மட்டும் மூடாதே. பின் பம்பருக்கு உள்ளே, ரப்பர் இதழ் வைத்த காற்றுப் போக்கிகள் இருக்கும். டிக்கி பக்கம் சத்தம் குறைக்கிறேன் என்று அவற்றை ஃபோமால் அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. பிறகு கதவு சரியாக மூடாது, புதுக்காற்றும் ஓடாது. கதவை அப்படி அறைந்து மூட வேண்டியிருப்பதைப் பார்த்து ‘என்ன இறுக்கம்!’ என்று பெருமை வேறு.

டயர் பற்றிச் சுருக்கமாக: உள்ளங்கையை டிரெட்மேல் முன்னும் பின்னும் தடவிப் பார். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பம் என்றால் அலைன்மென்டும் டயர் இடமாற்றமும் தவறிய கோளாறு. அந்தத் தேய்மானத்தின் சத்தத்தை எந்த ஷீட்டும் அடக்காது. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது கதவுத்தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வை. கூடினால் ஒவ்வொரு கல்லும் உள்ளே கேட்கும். புதிதாக வாங்கும்போது ஐரோப்பிய லேபிளில் உள்ள டெசிபல் எண்ணைப் பார். 3 டெசிபல் குறைவு என்றால் ஒலி ஆற்றல் பாதி. ஆனால் அந்த எண் வண்டிக்கு வெளியே அளந்தது, உள்ளே அப்படியே கிடைக்காது.

இனி உன் ஷீட். கோபித்துக்கொள்ளாதே, அதற்கும் இடம் இருக்கிறது. பின் சக்கர வளைவுகள், ஸ்டெப்னிப் பள்ளம், கதவின் வெளித்தகட்டு உட்புறம். விரல் முட்டியால் தட்டு. ‘டங்’ என்று ஒலித்தால் ஒட்டு, ‘டொக்’ என்றால் விட்டுவிடு. ஒரு தகட்டில் அதன் பரப்பில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு போதும், நடுவில். 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ. கார் முழுக்க அப்பினால் வண்டியில் இன்னொரு ஆளை நிரந்தரமாக ஏற்றியாகிவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, சிறு உருளையால் ஷீட்டின் மேல் பொறித்த கோலம் அழியும் வரை உருட்டு. கையுறை போட்டுக்கொள், அந்த அலுமினிய விளிம்பு பிளேடு. தார் ஷீட்டாக இருந்தால் அப்படியே திருப்பிக் கொடு. வெயிலில் நாறும், மேல்பகுதியில் ஒட்டினால் தொங்கும்.

கதவு டிரிம்மைக் கழற்றும்போது உள்ளே ஒரு பிளாஸ்டிக் திரை பியூட்டைல் பட்டையில் ஒட்டியிருக்கும். கிழிக்காதே. சுற்றிலும் திரும்ப ஒட்டாவிட்டால் சத்தமும் வரும், தண்ணீரும் வரும். முட்டை அட்டை மாதிரி இருக்கும் திறந்த துளை ஃபோமைக் கதவுக்குள் வைக்காதே, தண்ணீர் குடிக்கும். கூரை டிரிம், முன்தூண் மூடி, சீட் இவற்றில் ஏர்பேக் இருக்கிறது. மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடு. அந்த இடங்களை உனக்காக யாரும் ‘சும்மா தட்டிக் கழற்றி’த் தரவும் வேண்டாம், மாலதி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

குறைந்ததா என்று போனில் அளப்பாய், தெரியும். போனில் வருவது பொதுவாக ‘ஏ’ எடை அளவு, அதாவது காதைப் போலவே தாழ்ந்த ஒலியைக் குறைத்து எண்ணுகிற அளவு. 100 ஹெர்ட்ஸ் ஒலியை 19 டெசிபல் குறைத்துத்தான் காட்டும். டிக்கியில் குடைகிற ‘டும்’ குறைந்திருந்தாலும் எண் அசையாமல் இருக்கும். காதை நம்பு, எண்ணை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்.

டேப் சோதனை முடிந்ததும், எதை உரித்தபோது சத்தம் திரும்பியது என்று மட்டும் எழுது. கூடவே அந்த பீடிங்கின் குறுக்குவெட்டை அருகில் படம் எடுத்து அனுப்பு. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சுமதி

பி.கு.: கலா கேட்டதாக எழுதியிருந்தாயே, பின் கண்ணாடி ஒன்றை மட்டும் இறக்கினால் காதில் ‘தப் தப்’ என்று அடிப்பது ஏன் என்று. கார் முழுவதும் ஒரு புட்டி மாதிரி, இறக்கிய கண்ணாடி அதன் வாய். காற்று அந்த வாயின்மேல் ஊதுகிறது. முன் கண்ணாடி ஒன்றை இரண்டு விரல் அளவு இறக்கச் சொல், நின்றுவிடும். அவளுடைய சித்தாந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.