புதுநன்மைக்கு ஒரே துணி

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

உன் கடிதம் தவக்காலத்தில் வந்தது. இப்போது பாஸ்கா காலம் முடிந்து பெந்தெகொஸ்தேயும் போய்விட்டது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். மே மாதம் மறைக்கல்வி டீச்சர் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நீயும் கல்யாணத்துக்கு முன்னால் நம் பங்குக் கோவிலில் பாலர் வகுப்பு எடுத்தவள்தானே. காலையில் முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்கப் போகிற புதுநன்மைப் பிள்ளைகள், சாயங்காலம் அதற்குச் சில வருடம் கழித்து வருகிற உறுதிபூசுதலுக்குப் பெரிய பிள்ளைகள், நடுவில் வீட்டில் உலை வைக்க வேண்டும். போதாததற்கு இந்த வருடம் என் சின்னவனும் நன்மை வாங்கினான். வகுப்பில் அவன் கேட்கும் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, அதே கேள்வியை வீட்டில் கேட்டால் "போய்க் குளிடா" என்று விரட்டினேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். இவருக்கு ஹார்பரில் அதே ஷிப்ட் வேலைதான். பெரியவள் பிளஸ் டூ முடித்து நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். மாமியாருக்கு முட்டுவலி கூடிவிட்டது, ஆனாலும் விடியற்காலைப் பூசையை விட மாட்டார்கள். ஆட்டோக்காரருக்கு மாதக் கணக்கில் பணம் கொடுக்கிறோம்.

"நம் பங்கில் ஏதோ சட்டை விஷயத்தில் கலகமாமே" என்று கேட்டிருந்தாய். உன் காதுக்கு எப்படித்தான் எட்டியதோ. நடந்ததைச் சொல்கிறேன்.

நம் காலத்தில் புதுநன்மை என்றால் அம்மா வெள்ளைத் துணி எடுத்துத் தைத்துக் கொடுப்பாள், மண்டபத்தில் பங்குச் சாமியார் ஒரு ஜெபமாலையும் இட்லியும் கொடுப்பார், அவ்வளவுதான். இப்போது அது ஒரு சின்னக் கல்யாணம். பெண் பிள்ளைக்குத் தரையில் இழுபடுகிற கவுன், தலைக்குக் கிரீடம், பையனுக்குக் கோட்டு, தெருமுனையில் பிள்ளையின் முகம் போட்ட பிளெக்ஸ், மத்தியானம் பிரியாணி, தாய்மாமன் சீர். போன வருடம் ஒரு வீட்டில் டிரோன் வைத்துப் படம் எடுத்தார்கள். கோவில் முற்றத்தில் அது ஙொய்யென்று சுற்ற, வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கை கூப்பியபடியே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன.

வசதி உள்ளவர்கள் செய்துவிட்டுப் போகட்டும் என்று நீ சொல்வாய். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மாதத்தைப் பார். பள்ளி விடுமுறையில்தான் வகுப்பு வைக்க முடியும், அதனால் புதுநன்மை மே கடைசியில் வரும். நம் தூத்துக்குடிக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகு கரையில் கிடக்கும், ஆண்கள் வலை கிழிசல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அரசாங்கம் கொடுக்கிற 8000 ரூபாய் அரிசிக்கும் பழைய கடைக் கடனுக்குமே பத்தாது. வருடத்திலேயே கையில் காசு இல்லாத மாதம் பார்த்து நாம் பிள்ளைக்குக் கவுன் எடுக்கச் சொல்கிறோம். தினவட்டிக்காரனுக்கு மே மாதம்தான் அறுவடை.

தவக்காலத்துக்கு முன்னால் பங்குப்பேரவையில் இந்தப் பேச்சை எடுத்தேன். எல்லோருக்கும் ஒரே வெள்ளைத் துணி, ஒரே தையல், பிளெக்ஸ் வேண்டாம், பூசை முடிந்ததும் மண்டபத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்துக் காலைச் சாப்பாடு. ஒரு பெரியவர், "நன்மையையும் உறுதிபூசுதலையும் ஒரே நாளில் வைத்துவிட்டால் செலவு ஒன்றுதானே" என்று யோசனை சொன்னார். கணக்கு சரிதான்! ஆனால் அப்படி வைத்தால் உறுதிபூசுதல் வயது வரை பிள்ளைகள் நன்மைக்குக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளை அத்தனை வருடம் காக்க வைக்காதே என்றுதானே திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910இல் ஆணை போட்டார்? விவரம் தெரிகிற வயது வந்தால், ஏறக்குறைய ஏழு வயதிலேயே, நன்மை கொடுக்கலாம் என்பது அதில் உண்டு. சாமியார் அதை எடுத்துச் சொன்னதும் பெரியவர் அமர்ந்துவிட்டார். மற்றபடி கூட்டத்தில் எதுவும் முடிவாகவில்லை. சாமியார் மறு ஞாயிறு பிரசங்கத்தில் எளிமையைப் பற்றிப் பேசினார், எல்லோரும் தலையாட்டினார்கள், அன்று மாலையே இரண்டு பேர் கவுனுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

விஷயம் திரும்பியது, பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில்தான். கடற்கரைத் தெரு அன்பியம், உனக்குத் தெரியுமே, பிளாஸ்டிக் நாற்காலியை நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்து, வாசகம் வாசித்து, கடைசியில் காபி குடிக்கிற கூட்டம். பகிர்வு நேரத்தில் வழக்கமாக யாரும் வாயைத் திறப்பதில்லை. அன்று மூலையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மூத்தவ நன்மைக்கு வாங்கின கடனையே இன்னும் கட்டுறேன். இப்ப சின்னவ நிக்கா. அவளுக்குக் குறைச்சா அக்காவுக்கு மட்டும் செஞ்சேன்னு அழுவா. எல்லாருக்கும் ஒண்ணுன்னு கோவில்ல சொல்லிட்டா எனக்கு மானம் போகாது" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக ஆரம்பித்தார்கள். ஒருத்தி கம்மலை அடகு வைத்திருக்கிறாள், இன்னொருத்தி மகளிர் குழுவில் வாங்கியிருக்கிறாள். அதுவரை ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டுக்குப் பயந்தே செய்துகொண்டிருந்திருக்கிறது. எந்த மறையுரையாலும் இதைச் செய்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். சாமியாரிடமும் சொன்னேன், சிரித்தார்.

அந்த வாரமே பெண்களாகச் சேர்ந்து மொத்தக் கடையில் ஒரே பேலில் துணி எடுத்தோம். பங்கிலேயே தையல் தெரிந்த மூன்று பேர் தைத்தார்கள். கூலி பங்கு கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து பணம் வருகிற ஒரு வீட்டில் மட்டும் ஏற்கெனவே கவுன் வந்து இறங்கிவிட்டது. அந்த அம்மா என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. கடைசியில் பிள்ளையே, "எனக்கும் அவங்க போடுறதுதான் வேணும்" என்று ஒரே பிடியாக நின்றது. கவுனைக் கிறிஸ்துமஸுக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

என் வீட்டுக் கூத்து வேறு. "ஒரே பேரனுக்கு ஒரு சங்கிலி போட எனக்கு உரிமை இல்லையா" என்று மாமியார் கண்ணைக் கசக்கினார்கள். இவர் நடுவில் மாட்டிக்கொண்டு பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். "அத்தை, டீச்சர் வீட்டிலேயே மீறினால் ஊர் என்ன சொல்லும்" என்றேன். சரி என்றார்கள். புதுநன்மை அன்று பூசை முடிந்து சின்னவனைக் கட்டிப்பிடித்தால் சட்டைக்குள் கனமாக ஏதோ உறுத்துகிறது. பூசைக்கு முன்னால், பூசைத் துணிகள் வைக்கிற சக்கிரீஸ்து அறைப் பக்கம் கூட்டிப்போய் சங்கிலியை மாட்டி, காலர் பொத்தானையும் போட்டுவிட்டிருக்கிறார்கள். நான் திரும்பிப் பார்த்தால், அவர்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு மாதா சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன சொல்ல!

வகுப்புக் கதை கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். பயிற்சிக்காக அர்ச்சிக்காத அப்பத்தைச் சாமியார் ஒரு டப்பாவில் கொடுப்பார் அல்லவா, நாக்கில் வாங்குவது, கையில் வாங்குவது எல்லாம் பழக்கினேன். வாங்கியவன் வரிசையின் கடைசிக்கு ஓடிப் போய் மறுபடி நிற்கிறான். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு, மறந்துபோகாமல் இருக்கத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு நிமிடத்தில் ஒருவன் எழுந்து, "டீச்சர், இவன் என் பாவத்தைப் பார்த்து எழுதுறான்" என்று புகார்!

கார்லோ அகுதிஸ் படத்தை இந்த வருடம் வகுப்பில் மாட்டியிருக்கிறேன். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை லியோ புனிதராக அறிவித்தாரே, அந்தப் பையன். ஜீன்ஸும் விளையாட்டு ஷூவும் போட்ட புனிதரைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு நம்பிக்கையே வரவில்லை. கம்ப்யூட்டரில் நற்கருணை அற்புதங்களைத் தொகுத்தார், வீடியோ கேமும் விளையாடுவார் என்றதும், "எவ்வளவு நேரம் விளையாடுவார்?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை தனக்குத்தானே நேரக்கட்டுப்பாடு வைத்திருந்தார் என்றேன். அத்தோடு அவர்மேல் இருந்த ஆசை பாதி குறைந்தது.

நான் புதிதாக ஆரம்பித்திருப்பது ஒன்று இருக்கிறது. சவேரியார் 1542இல் நம் கரைக்கு வந்து மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிய கதையைத்தான் நாம் எப்போதும் சொல்கிறோம். அவரே கடிதத்தில் எழுதியிருக்கும் இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. எல்லா நோயாளி வீட்டுக்கும் போக அவருக்கு நேரமில்லை, அதனால் மந்திரம் கற்ற பிள்ளைகளைத் தன் ஜெபமாலையோடு அனுப்பி அங்கே ஜெபிக்கச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் மூன்று மூன்று பிள்ளையாகப் படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன். ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள் நிறைந்த மரியே, அப்புறம் அவர்கள் என்ன பேசினாலும் கேட்டுவிட்டு வர வேண்டும். ஒரு தாத்தா, சுறா பிடித்த கதையை ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் கூட்டிச் சொல்கிறாராம். எந்தப் புத்தகப் பாடமும் பிள்ளைகளை இப்படி இழுத்ததில்லை. ஞாயிறு காலை டியூஷன் வைக்கிற ஒரு சென்டரோடு நான் போட்ட சண்டையில் தோற்றேன்தான். ஆனால் தாத்தா வீட்டுக்குப் போக வேண்டும் என்று டியூஷனுக்கு மட்டம் போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரிடம் சொல்லிவிடாதே.

மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் ஒரு திருப்பணியாகவே திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10 அன்று ஏற்படுத்தினார் அல்லவா, அதைப் பற்றி மறைமாவட்டக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். நம் ஊரில் இது எத்தனை பழசு என்று சொன்னேன். சவேரியார் மறைக்கல்வி சொல்லிக் கொடுக்க ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்துவிட்டுத்தானே அடுத்த ஊருக்குப் போனார். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் கரையிலிருந்து போர்ச்சுகல் ராணியின் செருப்புச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த 4000 பணத்தை (பணம் என்பது அந்தக் காலத்து நாணயம்) கேட்டு வாங்கி அவர்களுக்குக் கொடுத்தார். "நமக்கு அந்தச் செருப்புப் பணமும் இல்லை" என்றேன். கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள், ஆனால் பணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

உன் மகன் விஷயம். பெங்களூருக்குப் போனதிலிருந்து பூசைக்குப் போவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறான் என்று எழுதியிருந்தாய். "இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த என் வீட்டிலா" என்று நீ எழுதிய வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் உபதேசம் பண்ண வரவில்லை. என் பெரியவளும் ஒரு வருடமாகக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். எதற்கு என்று நான் கேட்பதில்லை. ஆனால் மாமியாரை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது அவள்தான், ராத்திரி முட்டுக்குத் தைலம் தேய்ப்பதும் அவள்தான். நன்மை வகுப்பில் நான் வைத்த எந்தத் தேர்விலும் அவள் முதல் மதிப்பெண் எடுத்ததில்லை. உன் மகனிடம் பூசையைப் பற்றிக் கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்து. சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். அவன் ஒழுங்காகச் சாப்பிடுவதுமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. போன கிறிஸ்துமஸ் படத்தில் கன்னம் ஒட்டிக் கிடந்தது.

பனிமய மாதா திருவிழாவுக்கு இந்த வருடமாவது வா. ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. தடைக்காலமும் முடிந்திருக்கும், நல்ல மீன் கிடைக்கும். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஃபேன் மட்டும் சத்தம் போடும், அதையும் இவர் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மகனையும் கூட்டி வா, கோவிலுக்கு என்று சொல்லாதே, மக்ரூனுக்கு என்று சொல். நீ பாலர் வகுப்பு எடுத்தபோது அட்டையில் வரைந்த பழைய ஏற்பாட்டுப் படங்கள் இன்னும் உன் அம்மா வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்து வா. எனக்கு நோவாவின் பேழை மட்டும் போதும், இருக்கிறதைக் கரையான் தின்றுவிட்டது.

அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லு.

இப்படிக்கு,
உன் புஷ்பம்