குழந்தை வளர்ச்சி படிக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். குழந்தை மற்றும் வளரிளம் பருவ வளர்ச்சிதான் படிக்கப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பிள்ளை வளர்க்க ஒரு பட்டமா?" எல்லோருக்கும்தான் உடம்பு இருக்கிறது, அதற்காக மருத்துவம் படிக்க வேண்டாம் என்போமா என்று உன் பெரியப்பாவிடம் திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

நீ அனுப்பிய பாடத்திட்டத்தைக் கடைசிவரை படித்தேன். குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று கோட்பாடு சொன்ன பியாஜே, விகாட்ஸ்கி, எரிக்சன் எல்லாம் எதிர்பார்த்ததுதான். என்னைக் கவர்ந்தது, மழலையர் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்ததை எழுதும் அந்தப் பாடம். 'சிறுமி கோபப்பட்டாள்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காதாமே! 'பையன் நீட்டிய கட்டையைத் தட்டிவிட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அப்புறம் அதே கட்டையைத் தானே எடுத்து அடுக்கினாள்' என்று எழுத வேண்டுமாம். அது கோபமா, வெட்கமா, நானே செய்வேன் என்ற வீம்பா? யோசித்துப் பார்த்தால் மூன்றுமே பொருந்துகிறது. அவசரப்பட்டுப் பெயர் வைத்துவிட்டால் மற்ற இரண்டும் கண்ணில் படாமலே போய்விடும். நாலு வருடத்தில் இந்த ஒரு பழக்கம் உனக்கு வந்துவிட்டாலே கட்டிய பணம் வீண் இல்லை என்பேன்.

அவசரப்பட்டுப் பெயர் வைக்கும் இந்தச் சிக்கல் பெரிய அறிஞர்களுக்கும் இருந்திருக்கிறது. இரண்டு வரிசையில் சமமாகப் பொத்தான்களை அடுக்கி, எதில் அதிகம் என்று கேட்டுவிட்டு, குழந்தையின் கண்ணெதிரே ஒரு வரிசையை அகலப்படுத்தி மறுபடி கேட்டால், சின்னக் குழந்தைகள் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். எண்ணிக்கை மாறாது என்பது அந்த வயதில் இன்னும் புரிவதில்லை என்றார் பியாஜே. 1970களில் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் இல்லை, குறும்புக்காரக் கரடி பொம்மை. இப்போது சரியாகப் பதில் சொன்ன குழந்தைகள் நிறையப் பேர். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், பதிலையும் மாற்றச் சொல்கிறார் போல என்றுதானே பிள்ளை நினைக்கும்? எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது. குழந்தைக்குத் தெரியவில்லை என்று எழுதுவதற்கு முன்னால் நாம் கேட்ட விதத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொள்.

புள்ளியியல் என்றதும் முகம் சுளித்தாயே, அதைத் தள்ளிப்போடாதே. மிஷல் என்ற உளவியலாளரின் மார்ஷ்மெல்லோ மிட்டாய் சோதனையை எல்லோரும் கதையாகச் சொல்வார்கள்: கையில் உள்ளதை உடனே தின்னாமல் இன்னொரு மிட்டாய்க்குக் காத்திருந்த பிள்ளைகள் பின்னால் நன்றாக வந்தார்கள் என்று. 2018இல் இன்னும் நிறையக் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. கணக்கு தெரியாதவர் பழைய கதையையே பெற்றோர் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றியும் இப்படித்தான், 'மூளை இன்னும் வளரவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2005இல் கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தனியாக ஆடும்போது அவர்களுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோதுதான் துணிச்சல் எகிறியது. ஆகவே யாரோடு இருந்தார்கள் என்பதையும் குறிப்பில் எழுது.

வேலை விஷயம். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உளவியல் நிபுணர் என்று பலகை மாட்ட முடியாது. அதற்கு மேற்படிப்பு வேண்டும், பயிற்சி வேண்டும், உரிமம் வேண்டும். மழலையர் கல்வி, குழந்தைகள் பாதுகாப்பு, ஆபரேஷனுக்கு முன் குழந்தையை விளையாட்டு மூலம் தயார்ப்படுத்தும் மருத்துவமனை வேலை என்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதி கேட்பார்கள், இரண்டாம் வருடத்திலேயே விசாரித்து வை.

இன்னொன்று. நீ சேர்ந்த மறுநாளே, "என் பேரன் இன்னும் நடக்கவில்லை, ஏதாவது குறையா?" என்று யாராவது போன் செய்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், நல்ல ஆரோக்கியமான குழந்தைகளே சுமார் 8 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தனியாக நடக்கத் தொடங்குகிறார்கள். அதைச் சொல், குழந்தைகள் மருத்துவரிடம் காட்டச் சொல். போனிலேயே குறைக்குப் பெயர் வைத்துவிடாதே, கேட்பது சொந்த அத்தையாகவே இருந்தாலும்.

உன் முதல் கவனிப்புக் குறிப்பைப் படிக்க எனக்கு ஆசைதான். ஆனால் குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளை வெளியில் காட்டக் கூடாது என்று நீயே சொன்னாய். சரி, கேட்க மாட்டேன். களப்பயிற்சி எந்த செமஸ்டரில் வருகிறது, கட்டணம் எப்போது கட்ட வேண்டும், இரண்டையும் மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா