சோர்ஸ் வலிமை என்றால் என்ன என்று கேள்வியிலேயே சொல்லுங்கள்: பாய்ம விசையியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளில் பாய்ம விசையியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்தப் பாடத்துக்கு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

நம் வகுப்புகளில் சலிக்காமல் சுற்றிவரும் கணக்கு ஒன்று: "விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சீராக வரும் ஓட்டத்தில், விநாடிக்கு 5 சதுர மீட்டர் வலிமையுள்ள ஒரு சோர்ஸ் இருக்கிறது. தேக்கப் புள்ளி எவ்வளவு தூரத்தில்?" சோர்ஸ் என்பது நீர், காற்று போன்ற பாய்மம் எல்லாத் திசையிலும் சமமாக வெளிவரும் ஒரு புள்ளி; அந்த வெளியோட்டமும் எதிரே வரும் ஓட்டமும் ஒன்றையொன்று ஈடுகட்டி வேகம் சுழியமாகும் இடம் தேக்கப் புள்ளி. ஒரு மாணவி 8 சென்டிமீட்டர் என்று எழுதுகிறாள். பக்கத்தில் இருப்பவன் 50 சென்டிமீட்டர் என்று எழுதுகிறான். இரண்டு பேருமே தாங்கள் படித்த புத்தகத்தின்படி சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் விடைக்குறிப்பில் ஒரு எண்தான் இருக்கும். இன்னொருவருக்கு மதிப்பெண் போய்விடும், ஏன் போனது என்றும் தெரியாது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜான் ஆண்டர்சனின் ஏரோடைனமிக்ஸ் புத்தகத்தில், ஒரு மீட்டர் ஆழத்துக்கு விநாடிக்கு வெளியேறும் கன அளவுதான் வலிமை. மில்ன் தாம்சன் எழுதிய புத்தகத்தின் வழியில் படிக்கும் கணிதத் துறை மாணவர்களுக்கு, வெளியேறும் அளவை 2 பை-யால் (2π) வகுத்தால் வருவது வலிமை. சரி, இது கணிதத்துக்கும் பொறியியலுக்கும் உள்ள வேறுபாடு என்று விட்டுவிடலாமா என்றால், பொறியியல் மாணவர்கள் கையில் இருக்கும் ஃபிராங்க் ஒயிட்டின் புத்தகமும் 2 பை-யால் வகுத்துத்தான் வைத்திருக்கிறது. முப்பரிமாணத்துக்குப் போனால் இதே குழப்பம் 4 பை-யாக வந்து நிற்கும். பழைய கணிதப் புத்தகங்களில் வேகத்தைத் தரும் 'வெலாசிட்டி பொட்டென்ஷியல்' சார்புக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வேறு.

அலகைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடி என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல பழக்கம், ஆனால் இங்கே அது கைகொடுக்காது. பை-க்கு அலகு கிடையாது. இரண்டு வரையறையிலும் வலிமை விநாடிக்குச் சதுர மீட்டர்தான். விடை ஆறு மடங்கு பிசகியிருந்தாலும் அலகு ஒழுங்காகவே தெரியும்.

இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி வட்டம் போடுவது. சோர்ஸைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, சுற்றளவை ஆரத் திசை வேகத்தால் பெருக்க வேண்டும். பாய்மம் அமுங்காதது, உள்ளே எவ்வளவு பிறக்கிறதோ அவ்வளவும் வெளியே வந்தாக வேண்டும். அதனால் வட்டம் சிறிதோ பெரிதோ, பெருக்கல் விடை மாறாது. ஆரம் இரு மடங்கானால் வேகம் பாதியாவதும் இதனால்தான். வட்டத்துக்குப் பதில் கோணல்மாணலான ஒரு மூடிய கோட்டைப் போட்டாலும், சோர்ஸ் உள்ளே இருந்தால் அதே அளவு வரும்; வெளியே இருந்தால் சுழியம். இந்த அளவைத்தான் ஓட்ட அளவு என்கிறோம். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மாணவர் முதலில் இதைக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் எந்தப் புத்தகத்தின் சூத்திரத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நாம் பல வகுப்புகளில் சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிட்டு நேராக ஓட்டக்கோட்டுப் படத்துக்குப் போய்விடுகிறோம்.

தேர்வோடு முடிகிற விஷயம் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். ஆழ்குழாய்க் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் நீர் புகாத அடுக்குகள், நடுவில் 20 மீட்டர் தடிமனுள்ள மணல் அடுக்கு, அதிலிருந்து விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கிறோம். ஓட்டம் நிலைபெற்ற பிறகு இது ஒரு சிங்க், அதாவது எதிர்க்குறி போட்ட சோர்ஸ். ஒரு நாளைக்கு 864 கன மீட்டர் நீர்; 20-ஆல் வகுத்தால் மீட்டர் தடிமனுக்கு 43.2. கிணற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி, இறைப்பதால் வரும் டார்சி வேகம் (மணலையும் சேர்த்து முழுக் குறுக்குப் பரப்பால் ஓட்டத்தை வகுத்தால் வருவது) நாளைக்குச் சுமார் 14 சென்டிமீட்டர். மணலின் துளைகளுக்குள் நீர் உண்மையில் நகரும் வேகம் இதைவிட அதிகம். அதற்கு, மொத்தக் கன அளவில் துளைகளின் பங்கால் வகுக்க வேண்டும்.

அந்த அடுக்கில் நிலத்தடி நீர் ஏற்கெனவே நாளைக்கு 10 சென்டிமீட்டர் டார்சி வேகத்தில் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தால்? ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கைன் 1860களில் கப்பல் வடிவங்களுக்காக, சீரான ஓட்டத்தில் சோர்ஸ் வைத்துப் போட்ட அதே படம் திசை திரும்பி வந்து நிற்கிறது. அங்கே திண்ம உடலின் விளிம்பாக இருந்த கோடு, இங்கே கிணற்றுக்கு வரும் நீருக்கும் வராத நீருக்கும் நடுவிலுள்ள எல்லை. நீர் வரும் திசையில் வெகு தொலைவில், கிணற்றுக்கு வரும் நீர்ப் பட்டையின் அகலம் 43.2-ஐ 0.1-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 432 மீட்டர். நீர் போகும் திசையில் தேக்கப் புள்ளி கிணற்றிலிருந்து சுமார் 69 மீட்டர். இப்போது ஒருவர் வலிமையை ஒயிட் முறையில் 2 பை-யால் வகுத்துவிட்டு, ஆண்டர்சன் முறைச் சூத்திரத்தில் போட்டால் பட்டையின் அகலமே 69 மீட்டர் என்று வரும். மீதி 363 மீட்டர் அகலத்துக்குள் ஒரு சாயக்கழிவுக் குட்டை இருந்தால், குடிநீருக்கு ஆபத்தில்லை என்று அறிக்கையில் கையெழுத்தாகிவிடும். எனக்கு இதுதான் பெரிய கவலை. களத்தில் யாரும் வலிமையை எண்ணாகத் தருவதில்லை. பம்பின் ஓட்டத்தையும் அடுக்கின் தடிமனையும் அளந்து நாமேதான் கணக்கிட வேண்டும்.

கணினியில் பேனல் முறை (உடலின் மேற்பரப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஓட்டத்தைக் கணக்கிடுவது) எழுதும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். டக்ளஸ் விமான நிறுவனத்தில் ஹெஸ்ஸும் ஸ்மித்தும் 1960களில் வளர்த்த முறையில், உடலின் மேற்பரப்பு முழுவதும் சோர்ஸ்களைப் பரப்பி, ஒவ்வொரு பேனலின் வலிமையையும் சமன்பாடுகளைத் தீர்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். மூடிய உடல் என்றால், வலிமையைப் பேனலின் நீளத்தால் பெருக்கிக் கூட்டும்போது சுழியம் வர வேண்டும். வராவிட்டால் உடலிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய இந்தச் சரிபார்ப்பை நம் ஆய்வகப் பயிற்சிகளில் கட்டாயமாக்குங்கள்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் கேட்பது இதுதான். ஓட்ட அளவையும் ஆழத்தையும் கொடுங்கள். வலிமையை மாணவரே கண்டுபிடிக்கட்டும். வலிமையைத்தான் கொடுக்க வேண்டும் என்றால், "ஒரு மீட்டர் ஆழத்துக்கு விநாடிக்கு வெளியேறும் கன அளவு" என்று நாலு வார்த்தை சேர்த்து எழுதுங்கள். யூபிஎஸ்சி கணித விருப்பப் பாடத்திலும் சோர்ஸ், சிங்க் இருக்கிறது. பொறியியல் முடித்த பிள்ளைகள் நிறையப் பேர் அதை எடுக்கிறார்கள். இரண்டு மரபுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் அவர்கள்தான்.

இந்த ஆண்டுத் தாள்களில் வரையறை இல்லாமல் ஏதாவது கணக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தால், தான் எடுத்துக்கொண்ட வரையறையை எழுதிவிட்டுச் சரியாகப் போட்ட எல்லா மாணவருக்கும் முழு மதிப்பெண் கொடுக்கும்படி விடைக்குறிப்பைத் திருத்துங்கள்.

அன்புடன்,
பாய்ம விசையியல் சொல்லிக்கொடுக்கும் உங்களில் ஒருவர்