மாயாஜாலப் படம் எடுக்குறவங்களுக்கு பாம்பன் பக்கத்துல இருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்ல மாயாஜாலப் படம், சீரியல், வெப் சீரிஸ் எடுக்குற டைரக்டர்கள், கதை எழுதுறவங்க, தயாரிப்பாளர்கள், சேனல்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

பூதம், மந்திரவாதி, வேற உலகம், பேசுற மிருகம்னு எது வந்தாலும் விடாம பாக்குற ஆளு நான், தியேட்டருக்குப் போறது அபூர்வம், வீட்டு டிவியும் போனும்தான், அதனால உங்க படம் என் வீட்டுக்கு வந்து சேரும்போது எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அத வெச்சுத்தான் ஒன்னு சொல்லணும்னு இந்த மடல். நீங்க மாயத்துக்கு காசு கொட்டுறீங்க, ஆனா அந்த மாயத்துக்கு ஒரு கணக்கு வைக்க மாட்டேங்குறீங்க.

மந்திரவாதி கைய நீட்டுனா நெருப்பு வருது, வரட்டும், எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. அந்த நெருப்பு எப்ப வரும், எப்ப வராது, அதுக்கு அவன் எதக் குடுக்கணும், இத நீங்க முன்னாடியே சொல்லிரணும், சொன்னத கடைசி வரைக்கும் மீறக்கூடாது. மீறுனா என்ன ஆகுதுன்னா, பக்கத்துல உக்காந்து பாக்குற எங்க அக்கா மகன் "இந்த சக்தி இருந்துச்சுல்ல, அப்ப அவங்க அம்மாவ கொல்லும்போதே போட்டிருக்கலாம்ல"ன்னு கேக்குறான். அவன் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா உங்க கதையில பதில் இல்ல. அதுக்கப்புறம் ஹீரோ மலையில இருந்து விழுந்தாலும் எங்க யாருக்கும் பதறாது, எப்படியும் புதுசா ஒரு வரம் கிடைச்சிரும்னு தெரிஞ்சுபோச்சே.

1957ல வந்த மாயா பஜார இப்பவும் டிவியில போட்டா எங்க வீட்ல சேனல் மாத்த விடமாட்டாக. கே.வி. ரெட்டி டைரக்‌ஷன், மார்க்கஸ் பார்ட்லி கேமரா, கம்ப்யூட்டர்ங்குற பேச்சே இல்லாத காலம். லட்டு தானா பறந்து கடோத்கஜன் வாய்க்குள்ள போறத எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு அதவிட அந்தப் பெட்டியும் பீடமும்தான் பெருசு. அந்தப் பெட்டியத் திறந்தா மனசுக்குப் பிரியமானவங்க தெரிவாங்க, நினைச்ச எல்லாத்தையும் அது காட்டாது. பீடத்து மேல ஏறி நின்னா வாயில உண்மை மட்டும்தான் வரும், அவ்வளவுதான் அதோட சக்தி, அதுல சகுனியவே ஏத்தி விட்டு மனசுல இருந்தத எல்லாம் கொட்ட வெச்சாங்க பாருங்க, சண்டையே இல்லாம சூழ்ச்சி வெளிய வந்துருது. அப்புறம் சாவித்திரி. பொண்ணு உருவத்துல வந்து நிக்கிறது கடோத்கஜன்னு நமக்குத் தெரியும், அத ஒரு கிராபிக்ஸும் சொல்லல, அந்தம்மா நடையும் முழியும்தான் சொல்லுது, கல்யாண மேடையில மாப்பிள்ளை காலை மிதிக்கும்போது அது ராட்சசன் மிதிதான்னு நமக்கே வலிக்கும். மாயத்த நடிப்புல காட்டலாம்னு அன்னைக்கே செஞ்சு வெச்சிட்டுப் போயிருக்காங்க.

பழசு மட்டும்தான் நல்லதுன்னு நான் சொல்ல வரல. 2012ல நான் ஈ பாருங்க, ஈயா பொறந்தவன் கடைசி வரைக்கும் ஈதான், ஒரு வார்த்தை பேசல, திடீர்னு பெருசாகல, ஈயால என்ன முடியுமோ அத வெச்சுத்தான் பழி வாங்குறான், அதனாலதான் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடிச்சுக்குது. 2010ல ஆயிரத்தில் ஒருவன்ல புதைமணலத் தாண்டுறதுக்கு நடராஜர் நிழல் விழுற இடத்துல மட்டும் ஓடணும், வெயில் நகர நகர நிழலும் நகரும், இதவிட ஒரு மந்திரத்துக்கு என்ன கணக்கு வேணும் சொல்லுங்க. அந்தப் படம் வந்தப்போ நெறைய பேருக்குப் புரியலன்னு சொன்னாங்க, இப்ப அதையே தலையில வெச்சுக் கொண்டாடுறாங்க, ஆக ஜனங்களுக்குப் புரியாதுன்னு நீங்களா முடிவு பண்ணி தண்ணி ஊத்தாதீங்க.

சீரியல்காரங்களுக்கு தனியா சொல்லணும். பாம்பு பொண்ணா மாறுது, பொண்ணு பாம்பா மாறுது, சரி, ஆனா பாம்புக்குன்னு ஒரு பசி, ஒரு பயம், ஒரு குணம் வேணாமா, அதுவும் போய் அதே மாமியார் மருமக சண்டையத்தான போடுது, அதுக்கு எதுக்கு பாம்பு. ஒரே மொறைப்ப மூணு பக்கத்துல இருந்து இடிச் சத்தத்தோட காட்டுற அஞ்சு நிமிஷத்துல ஒரு கதை நகர்த்திரலாம்.

சத்தம்னு சொன்னதும் ஞாபகம் வருது, வீட்ல பாக்குறவங்களுக்குன்னு ஒரு மிக்ஸிங் பண்ணுங்கய்யா. எங்க ஊர்ல காத்து எந்நேரமும் அடிக்கும், உள்ள ஃபேன் ஓடும், வசனம் கேக்கலன்னு சத்தத்தக் கூட்டுனா அடுத்த நொடி டமார்னு ம்யூசிக், தூங்குற பிள்ளை எந்திரிச்சு அழும். இருட்டும் அப்படித்தான். கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசன்ல, 2019ல, அந்தப் பெரிய ராத்திரி யுத்தம் ஒன்னுமே தெரியலன்னு உலகம் பூராவும் கத்துனாங்க, அதோட கேமராமேன் ஜனங்களுக்கு டிவிய சரியா செட் பண்ணத் தெரியலன்னு பதில் சொன்னாரு. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கல. பகல்ல, ஜன்னல் வெளிச்சத்துல, சாதாரண டிவியில பாக்குறவங்கதான் அதிகம், அத மனசுல வெச்சு எடுக்கணும்.

இப்ப என் மனசுல ரொம்ப நாளா கிடக்குறதுக்கு வர்றேன். கன்னடத்துல காந்தாரா 2022ல துளு நாட்டு பூத கோலங்குற சாமியாட்டத்த எடுத்துச்சு, மலையாளத்துல 2025ல லோகா கேரளத்து யட்சி கள்ளியங்காட்டு நீலிய எடுத்துச்சு, ரெண்டையும் நாங்க இங்க உக்காந்து வாயப் பொளந்து பாத்தோம். எங்க கடக்கரைக்கு மட்டும் நீங்க வர்றது எதுக்குன்னா, தனுஷ்கோடியில இடிஞ்ச சர்ச்சு முன்னாடி பாட்டு எடுக்க. எடுத்துட்டு சாயங்காலம் வண்டி ஏறிருவீங்க.

இங்க கொஞ்ச நாள் தங்கிப் பாருங்க. வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா, நடுவுல ஒரு மணல் துண்டு. வடக்க இருக்குறது பெண் கடல், தெக்க இருக்குறது ஆண் கடல்னு இங்க சொல்லுவாக. கச்சான்ங்குற தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசத்துல தெக்க ஒரே கொந்தளிப்பா இருக்கும், வடக்க குளம் மாதிரி கிடக்கும், ஐப்பசிக்கு மேல வாடை திரும்புச்சுன்னா அமைதியா கிடந்த பெண் கடல் ஆடித் தீத்துரும், ஆண் கடல் அடங்கிரும். ரெண்டு சக்தி, ஒன்னு முழிச்சா இன்னொன்னு அடங்கும், எப்ப மாறும்னு காத்துதான் சொல்லும். நீங்க ரூம் போட்டு யோசிச்சாலும் வராத கணக்கு இது, வருஷா வருஷம் எங்க கண்ணு முன்னாடி நடக்குது, இதுல ஒரு உலகத்தையே கட்டலாம்.

கடல்கன்னின்னா வெளிநாட்டு கார்ட்டூன்ல பாத்த வாலத்தான் ஒட்டுறீங்க. எங்க கடல்ல ஆவுளியா இருக்கு, கடற்பசுன்னு புஸ்தகத்துல போடுவாங்க, கடல் புல்லத் தின்னுக்கிட்டு குட்டிக்குப் பால் குடுக்குற உயிரு, அந்தக் காலத்து மாலுமிக கடல்கன்னின்னு நெனச்சது இது மாதிரி உயிரத்தான்னு சொல்லுறாங்க. அதுக்காக 2022ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர தமிழ்நாடு அரசு பாதுகாப்புப் பகுதியா அறிவிச்சிருக்கு. அது கண்ணு வழியா கடலுக்கு அடியில ஒரு கதை சொன்னா எந்தப் பிள்ளை பாக்காது? தேவிபட்டினத்துல கடலுக்குள்ள ஒம்போது கல்லு நிக்குது, அலை ஏறி எறங்குறதப் பாத்தாலே கதை வரும். கீழக்கரையில தமிழ அரபு எழுத்துல எழுதி வெச்ச பரம்பரை இருக்கு, ஜின் கதை கேட்டு வளந்த வீடுக எத்தனையோ இருக்கு, நம்ம படத்து பூதம் மட்டும் எப்பவும் ஒரே விளக்குல இருந்துதான் வருது.

ஒன்னே ஒன்னு, 1964 டிசம்பர் புயல எடுக்குறதா இருந்தா பாத்து எடுங்க. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயில தனுஷ்கோடி போய்ச் சேரவிடாம கடல் கொண்டுபோச்சு. அதுல செத்தவங்கள வெள்ளச் சேல கட்டி, முடிய விரிச்சு, பயங்காட்டுற பேயா ஆக்கிறாதீங்க. சொந்தபந்தத்தப் பறிகொடுத்த குடும்பங்க இன்னும் இந்தக் கரையிலதான் இருக்கு, அதே டிவியிலதான் பாக்கும். அவங்க ஆவி வர்ற கதைன்னாலும் வரட்டும், என்ன சொல்ல வருதுன்னு கேட்டு எழுதுங்க, மரியாதையா வரட்டும்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில நிக்கும். கதை எழுதுற ஆள அப்ப அனுப்புங்க. வலை பின்னிக்கிட்டே பெரியவங்க பேசுவாக, பாசி எடுக்கப் போற அக்காமாரு கடலுக்குள்ள கண்டதச் சொல்லுவாக. கேட்டு எழுதிக்கிட்டீங்கன்னா படத்துல அவங்க பேரப் போடுங்க, கதைக்கு உரிய காசையும் கையில குடுங்க.

இப்படிக்கு,
பாம்பன் பக்கம் வீட்ல இருந்து பாக்குற ஒருத்தி