ஒரு சபைக் கட்டடத்தின் பிளான்

ஹட்டன்

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. எனக்கு மனசுக்குப் பிடித்த ஒரு வேலை வந்திருக்கிறது. தோட்டத்தில் உள்ள பெந்தெகொஸ்தே சபை தகரக் கொட்டிலை எடுத்துவிட்டு நிரந்தரக் கட்டடம் கட்டுகிறது. பிளான் கீறுவது நான்தான்.

நாலு சுவரும் ஒரு மேடையும்தானே என்பாய். திக்கோயாவில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் 1878இல் கட்டிய வோர்லி சேர்ச்சை நினைத்துப் பார். கருங்கல், வண்ணக் கண்ணாடி, வெளியே துரைமார் கல்லறைகள். உள்ளே போனால் கண் நேரே பலிபீடத்துக்குத்தான் போகும். இவர்களுடைய சபையில் அந்த இடத்தில் பிரசங்க பீடம் நிற்கிறது. சொரூபம் கிடையாது. சுவரில் ஒரு வசனம், மிஞ்சினால் பரிசுத்த ஆவிக்கு அடையாளமாய் ஒரு புறாவும் அக்கினி நாவும்.

பைபிளில், அப்போஸ்தலர் நடபடிகளில் அந்த ஆவி இறங்கியது, இயேசுவின் சீஷர்கள் உட்கார்ந்திருந்த ஒரு வீட்டில். 1906இல் லொஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் பெந்தெகொஸ்தே சபைகளுக்கு வித்திட்ட எழுப்புதல் மூண்டதும் குதிரை லாயமாய்க் கிடந்த பழைய கட்டடத்தில்தான். மரப்பெட்டியை வைத்துப் பிரசங்க பீடம், உட்காரப் பலகை. நடத்திய வில்லியம் சீமோரின் பெற்றோர் அடிமைகளாய் இருந்தவர்கள். இந்தச் சபையும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில்தான் தொடங்கியது. சீமோரின் கதையைச் சொன்னதும் ஒரு ஆச்சி, “அப்ப நம்ம மாதிரி ஆளுகதானே” என்றார். அந்த எளிமையைக் கட்டடம் இழக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாய் இருக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஞானஸ்நானத் தொட்டி. மேடைப் பலகையைக் கழற்றினால் கீழே சீமெந்துத் தொட்டி, இடுப்பளவு தண்ணீர். ஒரு பக்கப் படியால் இறங்கி, முழுகி, மறு பக்கப் படியால் ஏற வேண்டும். இறங்குவது கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்படுவது, ஏறுவது உயிர்த்தெழுவது. ரோமர் நிருபம் 6ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியதை ஆள் தன் உடம்பாலேயே செய்து காட்டுகிறார். ஒரே படியால் ஏறி இறங்கினால் செலவு குறையும் என்றார் மேசன் பாஸ். நான் விடவில்லை.

அப்புறம், மேடைக்கும் முதல் வரிசைக் கதிரைக்கும் நடுவே வெற்றிடம். பிரசங்கம் முடிந்ததும் அழுதுகொண்டு முன்னால் வந்து முழங்காலிடுகிறவர்களுக்கு அதுதான் பலிபீடம். இளைஞர்கள் ட்ரம்ஸ் செட்டை அங்கே இறக்கப் பார்க்கிறார்கள். மேடைக்குப் பின்னால் எல்ஈடி திரையும் கேட்கிறார்கள். திரையைப் பக்கச் சுவருக்கு மாற்றலாம் என்றேன், பாஸ்டரும் சரி என்றார். அந்த வெற்றிடத்தில் மட்டும் ஒரு அடிகூடக் கொடுக்க மாட்டேன்.

தொட்டிக்கு மேலே கூரையில் கண்ணாடி வைத்து வெளிச்சம் விட ஆசை. ஆனால் இந்த மழைக்கு ஒழுகுமோ என்று யோசனை. உங்கள் பக்கம் அப்படிச் செய்த மேசன் பாஸ் யாராவது இருந்தால் விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் மச்சான்